சத்தம் போடாதவர்கள்

24 ஜூன், திங்கள்

இன்று என் பங்குக்கு வந்தவை பதினேழு சொற்கள். பதினாறை மதியத்துக்குள் முடித்துவிட்டேன். ஒன்று மட்டும் மேசையிலேயே கிடக்கிறது: ஜென்டில்.

எங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதியின் பழைய பதிப்பில் அதற்கு 'சாந்தமான, மென்மையான, இதமான' என்று மூன்று பொருள் கொடுத்து முடித்திருக்கிறார்கள். புதிய பதிப்பில் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்றும் நான்கு வரி சேர்க்க வேண்டும். தேடிக்கொண்டு போனால் லத்தீனில் 'ஜென்ஸ்' என்று நிற்கிறது. ஒரே வழியில் பிறந்த கூட்டம் என்று பொருள். எங்கள் பக்கம் சொல்வதென்றால் வகையறா. அந்த வகையறாவில் பிறந்தவன் 'ஜென்டிலிஸ்'. பிரெஞ்சுக்குப் போனதும் நல்ல குடியில் பிறந்தவன் ஆகிவிட்டான். ஆங்கிலத்துக்கு வந்து ஏறக்குறைய முந்நூறு வருடம் கழித்துத்தான் சாந்தமானவன் ஆகிறான்.

பிறப்பு எப்படிச் சாந்தமாக மாறியது என்று எதிர் மேசை ரூபனிடம் கேட்டேன். "சத்தம் போடுறதுக்கு ஆள் வச்சிருப்பாங்க மேடம்" என்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மேடம் என்று கூப்பிடுவது கேலிக்குத்தான்.

வீட்டில் அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சீனி இல்லாத காப்பி. சர்க்கரை நோயெல்லாம் கிடையாது, வாலிபத்திலேயே அப்படிப் பழகிவிட்டாராம். சுவரில் இருந்த சிலந்தியைத் தினசரித் தாளில் ஏந்திக்கொண்டுபோய் முருங்கை மரத்தில் விட்டுவிட்டு வந்து சொன்னார்: "ஞாயித்துக்கிழமை லீவுதானம்மா? ஒரு இடத்துலேருந்து பாக்க வாராங்க. உனக்குப் பிடிச்சாத்தான்."

அப்பா என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதாக ஞாபகமே இல்லை. யாரிடமும் அப்படிப் பேசிப் பார்த்ததில்லை.

30 ஜூன், ஞாயிறு

வந்தார்கள். மேலப்புலியூர், சங்கரன்கோவிலுக்குப் பக்கம். மகேந்திரன் டிராக்டர் ஷோரூம் வைத்திருக்கிறார். அப்பா, அம்மா, ஒரு அண்ணன். ஜாதகத் தாளில் 'சகோதரிகள்: இல்லை' என்று இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமல் உட்கார்ந்து பேசினார். "எங்க வீட்ல ஒருத்தருக்கும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதும்மா. கோவமே வராது. ஊர்ல கேட்டுப் பாருங்க."

அப்பா சிரித்தார். "எனக்குத் தெரியாதா? நம்ம வகையறா பூராவும் அப்படித்தான."

அம்மாதான் நடுவில் கேட்டாள். "தாலிக்கு நாத்தனார் முடிச்சு யாரு போடுவா?"

"எங்க தம்பி மக இருக்கா. அவ போட்டுருவா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா பூலம்மாள், கேசரித் தட்டைக் கையில் எடுத்தவர், ஒரு வாய்கூட வைக்காமல் கீழே வைத்தார். இனிப்பு பிடிக்காது போலிருக்கிறது.

மகேந்திரன் என்னிடம் இரண்டு நிமிடம் பேசினார். குரல் நன்றாக இருந்தது. வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். "தாராளமா. எங்க போறீங்க, யாரு கூட இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

பிடித்திருக்கிறது என்று சொன்னேன். பிடிக்காமல் போகக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

8 ஜூலை, திங்கள்

ஆவணியில் கல்யாணம். ரூபனிடம் சொன்னேன். வாழ்த்துச் சொன்னார். மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

11 ஜூலை, வியாழன்

இன்னும் ஜென்டிலை முடிக்கவில்லை. தோண்டத் தோண்ட வருகிறது. வினைச்சொல்லாகவும் இருக்கிறது: முரட்டுக் குதிரையைத் தட்டிக் கொடுத்தே வழிக்குக் கொண்டுவருவது. பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது: தூண்டிலில் குத்தும் ஈப்புழு. மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயர்.

"சாந்தமான புழு" என்றார் ரூபன். "மீனுக்கு அது தெரியுமா?"

சாயங்காலம் நல்ல மழை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரூபன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பத்து நிமிடம். வழியில் மூன்று வாக்கியம் பேசினார். அவற்றை எழுதத் தேவையில்லை, ஞாபகம் இருக்கும்.

நாளையிலிருந்து இந்த நோட்டு அலுவலக மேசை இழுப்பறையில்தான் இருக்கும். பேனா அங்கே கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதால்.

12 ஜூலை, வெள்ளி

மதியம் மகேந்திரன் போன் செய்தார். சாப்பிட்டீர்களா, வேலை அதிகமா என்று கேட்டுவிட்டு: "நேத்து நனைஞ்சிட்டீங்களாமே. ரெண்டு பேரும்."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"நம்ம ஆளுங்க எல்லா இடத்துலயும் இருக்காங்கல்ல. கோவமெல்லாம் இல்ல வடிவு. காய்ச்சல் வந்துரக்கூடாதேன்னுதான்."

15 ஜூலை, திங்கள்

அலுவலகத்துக்கு ஒருவர் வந்து எனக்கு ஒரு புதுக் குடை கொடுத்துவிட்டுப் போனார். மகேந்திரன் கொடுத்தனுப்பியது. நல்ல குடை. போகும்போது ரூபனின் பைக் எண்ணை எழுதிக்கொண்டு போனதாக வாட்ச்மேன் சொன்னார்.

23 ஜூலை, செவ்வாய்

பத்திரிகை அச்சாகி வந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவிக்கொண்டே கேட்டார்.

"உன்கூட வேலை பாக்குற தம்பிக்கு ஒண்ணு கொடுக்கணும்லம்மா. எந்த ஊரு?"

"தெரியாதுப்பா."

"கரும்பனூர்னு சொன்னாங்க."

ஒரு பத்திரிகையை எடுத்து, நான்கு மூலையும் ஒரே அளவாகப் படும்படி மெதுவாக மஞ்சள் வைத்து, தனியாக வைத்தார்.

எனக்குத் தெரியும். ரூபன் கரும்பனூர்தான். ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் தெரு. அவரும் அவர் அம்மாவும் மட்டும், அக்கா கல்யாணமாகிப் போய்விட்டார். தெரியாது என்று ஏன் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

29 ஜூலை, திங்கள்

பூலம்மாள் அத்தை போன் செய்தார். வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் மேலப்புலியூர் வர வேண்டுமாம். வீட்டுக் கன்னிக்குச் சேலை படைக்கிறார்கள்.

அம்மா போனை வைத்ததும் அப்பாவைப் பார்த்தாள். "அவுக வீட்டுல ஏதுங்க கன்னி?"

கல்யாணமாகாமல் சாகும் பெண்தான் அந்த வீட்டுக்குக் கன்னி. வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அவளுக்குப் புதுச்சேலையும் வளையலும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான். மறந்தால் காரியம் நிலைக்காது என்பார்கள். ஜாதகத் தாளில் விட்டுவிடலாம். இதில் விட முடியாது, பயம்.

"எதாவது பழைய தலைமுறையா இருக்கும்" என்றார் அப்பா. "போயிட்டு வாங்க." காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

2 ஆகஸ்ட், வெள்ளி

மேலப்புலியூரிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்து எழுதுகிறேன். அம்மாவிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ரூபன் இன்று விடுப்பு. ஒழுங்காக, நடந்தது நடந்தபடி எழுத வேண்டும்.

படையல் வீட்டின் உள்ளறையில். உத்திரத்தில் கட்டித் தொங்கிய ஓலைப்பெட்டியை இறக்கினார்கள். அதுதான் கன்னிப் பெட்டி. அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை, கண்ணாடி வளையல், மல்லிகைப் பூ, சர்க்கரைப் பொங்கல். ஆண்கள் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். மகேந்திரனின் அண்ணன் எழுந்திருக்கவே நெடுநேரம் ஆயிற்று. எழுந்தபோது நெற்றியில் தரை மண்.

பிறகு சேலையை என் கையில் வைத்து, அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இதைக் கொண்டுபோய் உன் வீட்டுல வச்சு, தோணுத நாள்ல கட்டிக்கோ. கட்டுன அன்னைக்குப் பொழுது சாயுத வரைக்கும் நீ அவதான். நீ எங்க போனாலும் ஒருத்தரும் மறிக்கக்கூடாது. ஒரு சொல்லு கேக்கக்கூடாது. மறிச்சா இந்தக் குடி விளங்காது."

அண்ணன் தலையைத் தூக்கினார். "இது என்னம்மா புதுசா இருக்கு? இதுவரைக்கும் சொன்னதில்லையே."

"கனவுல வந்து சொன்னா. உனக்குச் சந்தேகம்னா நீயே அவகிட்ட கேளு."

அவர் கேட்கவில்லை.

ஆண்கள் சாப்பிடப் போனார்கள். பரிமாற என் அம்மாவும் போனாள். பெட்டியைத் திரும்பக் கட்டுவதற்கு அத்தை என்னை மட்டும் கூட வைத்துக்கொண்டார். பழைய தலைமுறை என்று அப்பா சொன்னாரே. பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பிளஸ் டூ ஹால் டிக்கெட் இருந்தது. ஒட்டியிருந்த படத்தில் இரட்டைச் சடை. பவானி.

"எம் மக" என்றார் அத்தை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். "மூணாவது. மகேந்திரனுக்கு எளையவ. ஒரு பையன் கூடப் பேசிட்டு இருந்தா. பேச்சுத்தான்."

அவரே சொன்னார், வளையலைத் துணியில் சுற்றிக்கொண்டே.

"பெரியவுக அஞ்சு பேரு வந்திருந்தாக. நம்ம வகையறாக்காரவுகதான். ஒருத்தரும் ஒரு சத்தம் போடல. எம் மகளைக் கூப்பிட்டுத் தலையத் தடவிக் கொடுத்தாக. நான்தான் எல்லாருக்கும் காப்பி போட்டேன். ஒருத்தர் மட்டும், எனக்குச் சீனி வேண்டாந்தாயின்னு திருப்பிக் கொடுத்தாரு. மாத்திப் போட்டுக் கொடுத்தேன்."

துணியை முடிச்சுப் போட்டார்.

"பொறவு பொம்பளையள எல்லாம் கோயிலுக்குப் போயிட்டு வரச் சொன்னாக. திரும்பி வந்தப்ப அவ தூங்குதா, எழுப்பாதன்னாக."

"எப்போ அத்தை?"

"பன்னெண்டு வருசம் ஆச்சு. ஆவணி மூணு. ஞாயித்துக்கிழமை."

பெட்டியை உத்திரத்தில் கட்ட நான்தான் பிடித்துக் கொடுத்தேன். கனமே இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உங்கூட வேலை பாக்குத பையனுக்கு அம்மா இருக்காளா?"

3 ஆகஸ்ட், சனி. அலுவலகம்

அரைநாள் வேலை. ரூபன் வந்ததும் மாடிப்படியில் வைத்துப் பேசினேன். முதலில் சிரித்தார்.

"ஒரு மழைக்கு இவ்வளவா மேடம்?"

பைக் எண்ணைச் சொன்னேன். பத்திரிகைக்கு மஞ்சள் வைத்ததைச் சொன்னேன். ஹால் டிக்கெட்டைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மாவையும் கூட்டிட்டு இன்னைக்கே உங்க அக்கா வீட்டுக்குப் போயிருங்க. பைக்கை இங்கேயே விட்டுருங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். எந்த ஊர்னு எங்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"நீங்க?"

"எனக்கு ஒரு சொல்லு பாக்கி இருக்கு. முடிச்சுட்டு நானும் கிளம்பிருவேன்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். போங்க என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். கீழே வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார்.

நோட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை இந்த மேசை யாருக்கோ.

3 ஆகஸ்ட். வீடு, சாயங்காலம்

வந்தவுடன் அலமாரியிலிருந்து என் பழைய அகராதியை எடுத்தேன். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்தது. சொந்தத்தில் ஒரு பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டு வரும்போது வாங்கி வந்தார். அன்றைக்கு முழுவதும் நான் அதை மடியை விட்டு இறக்கவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே அந்தப் புத்தகத்தால்தான்.

முதல் பக்கத்தில் அப்பாவின் அழகான கையெழுத்து.

'அன்பு மகள் வடிவுக்கு. அப்பா. சங்கரன்கோவில், 19.8.2012.'

பழைய தேதிகளைக் காட்டும் நாட்காட்டி போனிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. ஆவணி மூன்று.

நிமிர்ந்தபோது அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கையில் காப்பி டம்ளரோடு. பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அகராதியை வாங்கி மூடி, தோள் துண்டால் அட்டையைத் துடைத்தார்.

"இன்னும் பத்திரமா வச்சிருக்கியேம்மா. நல்ல பிள்ளை."

என் தலையைத் தடவிக் கொடுத்தார். கை சூடாக இருந்தது.

"நாளைக்கு அமாவாசை. சம்பந்தி கூட வெளியே போறேன். கரும்பனூர்ப் பக்கம் ஒரு ஆளைப் பாத்துட்டு, பத்திரிகையும் கொடுத்துட்டு வரணும். நாலஞ்சு பேராப் போறோம்." வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "வரும்போது உனக்கு என்னம்மா வாங்கிட்டு வர?"

"ஒண்ணும் வேண்டாம்ப்பா."

"சும்மா சொல்லு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது கேப்பியே."

பேனா என்று சொன்னேன். சரி என்றார்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக விழுகிறது. எந்த ஊர் பஸ் என்று இதில் எழுதப்போவதில்லை.

காலை எட்டு மணிக்கு அப்பா கிளம்பினார். பத்து மணிக்கு நான் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அறையை விட்டு வந்தேன். பையில் சான்றிதழ்கள், இரண்டு உடை, இந்த நோட்டு. அகராதியை மேசை மேலேயே வைத்துவிட்டேன்.

அம்மா வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேலையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அத்தை சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்ததுதான். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"செருப்பு போட்டுக்கோ. வெயிலு சுடும்."

நான் குனிந்து செருப்பு மாட்டிய நேரம், அவள் தாலிச் சரடில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி என் தோளில் முந்தானையைக் குத்திவிட்டாள். அவளுக்குத் தெரியுமா, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நேரமில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

தெரு முனை டீக்கடையில் மகேந்திரனின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எனக்குக் காவலாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் எழுந்து, பைக்கை உருட்டிக்கொண்டு வந்து வழியில் குறுக்காக நிறுத்தினார். "எங்கம்மா" என்று தொடங்கினார். அப்போதுதான் சேலையைக் கவனித்தார்.

நான் நிற்கவில்லை. நடை வேகத்தையும் கூட்டவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் பார்த்தது என்னை அல்ல. நாற்பது வயது ஆள், பட்டப்பகலில், ஓர் அடி பின்னால் போனார். கை பாதி வரை கும்பிடப் போயிற்று. பைக்கைப் பின்னால் இழுத்தார்.

"போ பவானி" என்றார்.

அழுகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பவானி போன அன்று வீட்டில் அவரும் இருந்திருப்பார். பெண்களைக் கோயிலுக்கு அனுப்பியவர்களில் ஒருவராக இருந்திருப்பார். அத்தைக்கு அது தெரியும். தெரிந்துதான் எல்லோருக்கும் கேட்கும்படி அந்தக் கனவைச் சொல்லியிருக்கிறார். அதை இப்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறேன்.

மதியம் ஒரு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, தெரியாத எண்ணிலிருந்து: 'அம்மாவும் நானும் வந்து சேந்துட்டோம். ஜென்டில் முடிஞ்சதா மேடம்?'

முடித்துவிட்டேன். பஸ் ஒரு மோட்டலில் நின்றபோது போனிலேயே தட்டிப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன். ஜென்டில்: ஒரே வகையறாவில் பிறந்த, நற்குடியில் பிறந்த, பிறகு, சாந்தமான. குதிரையையும் புழுவையும் விடாமல் சேர்த்திருக்கிறேன்.

இரண்டே காலுக்கு அப்பா அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். மூன்றாவது தடவை அழைக்கவில்லை, எழுதி அனுப்பினார்.

'வடிவு, கரும்பனூர்ல அந்த ஆள் வீடு பூட்டிக் கெடக்கு. வீட்டுக்கு வந்தா நீயும் இல்ல. பேனா வாங்கிட்டேன்.'

சற்று நேரம் கழித்து இன்னொன்று.

'சாப்பிட்டியாம்மா? கோவம் ஒண்ணும் இல்ல. எங்க இருக்கன்னு மட்டும் சொல்லு.'

இப்போது மணி நான்கு. வெயில் என் பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. பொழுது சாய இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.